சீட்டும் பாட்டும்

பயணமும் பாட்டும் தமிழர் வாழ்வில் உடன்பிறந்தவை. பத்துப்பாட்டு என வழங்கும் சங்கத் தொகுப்பில் உள்ள பத்து நூல்களுள் ஐந்து ஆற்றுப்படைகள். வள்ளலைக் கண்டு பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனுக்கு வழி சொல்லுவதே ஆற்றுப்படையின் அமைப்பாகும். எந்தக் காட்டைக் கடக்க வேண்டும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், எவ்விடத்தில் இரவைக் கழிக்கலாம் என்பனவெல்லாம் அப்பாட்டிலே வந்துவிடும். அந்தப் பயணிக்குச் சீட்டு இல்லை, கட்டணம் இல்லை, வாயிலில் நிறுத்தி வினவுவார் இல்லை. பாட்டே வழித்துணை, பாட்டே வழிகாட்டி.

பிற்காலத்தில் இந்த மரபு பொதுமக்களின் வாயில் சிந்தாக மாறிற்று. வழிநடைச் சிந்து என்று ஒரு பாட்டு வகை தோன்றியது. நடந்து செல்லும் தலைவன் தன் துணைவிக்கு வழியிலுள்ள ஊர்களையும் சோலைகளையும் கோயில்களையும் காட்டிக் காட்டிப் பாடிச் செல்வதாக அது அமையும். கால் நோவை மறக்கச் செய்வதே அதன் முதற்பயன். அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்தும் கழுகுமலை முருகனை நோக்கிக் காவடியோடு நடக்கும் நடையிலே பிறந்ததுதான். ஈழத்திலும் தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரையில் அடியார்கள் நடந்து செல்லும் யாத்திரை உண்டு. வாரக்கணக்கில் நீளும் அந்நடைக்கு முருகன் பாடல்களே துணையாயின.

அக்காலத்தில் ஒரு பாட்டு எவ்வளவு புகழ் பெற்றது என்று அளந்தவர் யாரும் இலர். அளக்க வேண்டிய தேவையும் இல்லை. எத்தனை ஊரார் பாடினார்களோ அத்தனை ஊரில் அது வாழ்ந்தது. பாடுவார் ஒழிந்தபோது அதுவும் ஒழிந்தது. பாட்டுக்கு எண் இடும் வழக்கமும் பயணிக்கு எண் இடும் வழக்கமும் அண்மைக் காலத்தில் வந்தவை. இரண்டும் ஒரே மனப்பாங்கிலிருந்து பிறந்தவை என்பதே இங்கு ஆராய்தற்குரியது.

முதலிற் பயணியின் எண்ணைக் காணலாம். இங்கிலாந்திலே தோமஸ் எட்மன்சன் என்பவர் மரத்தளபாடத் தொழில் நடத்தி நொடித்துப் போனவர். பின்னர் நியூகாசிலையும் கார்லைலையும் இணைத்த இருப்புப் பாதையில் ஒரு சிறு நிலையத்தின் பொறுப்பாளராக 1836ஆம் ஆண்டளவில் அமர்ந்தார். அன்று பயணிகளுக்குக் கையால் எழுதிய தாளே சீட்டாகக் கொடுக்கப்பட்டது. எழுதுவதற்கு நேரம் பிடித்தது. கொடுத்த தாளுக்கும் பெற்ற பணத்துக்கும் கணக்கு ஒத்துவருதலும் அரிதாயிற்று. எட்மன்சன் சிறு அட்டைகளில் முன்கூட்டியே ஊர்ப் பெயரை அச்சிட்டு, அவற்றுக்குத் தொடர் எண்களும் இட்டார். விற்கும்போது திகதியை ஒரு பொறியால் அழுத்திப் பதித்தால் போதும். காலையில் முதலில் நின்ற எண்ணை மாலையில் நின்ற எண்ணிலிருந்து கழித்தால் அன்று ஏறியவர்கள் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். ஏறத்தாழ 57 மில்லிமீற்றர் நீளமும் 30 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட அந்த அட்டை உலகின் பெரும்பாலான புகையிரதங்களுக்குப் பொதுவாயிற்று. இலங்கையிலும் நெடுங்காலம் வழங்கியது அந்த அட்டைச் சீட்டே.

சென்னை இராயபுரத்திலிருந்து 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதி தென்னாட்டின் முதல் புகைவண்டி புறப்பட்டது. கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு 1864இல் வண்டி ஓடியது. யாழ்ப்பாணக் குடாநாடு அதற்கு மேலும் நெடுநாள் காத்திருந்தது. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையிலான பகுதி 1902ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி திறக்கப்பட்டது. கொழும்போடு முழுத் தொடர்பு 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் திகதி ஏற்பட்டது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர்த் தூரம் ஓர் இரவுப் பொழுதுக்குள் அடங்கிவிட்டது.

அப்பாதையில் யாழ்ப்பாணத்துக்கு வடக்கே அடுத்து அமைந்த நிலையம் கொக்குவில். சிற்றூர்தான், எனினும் பயணத்தின் பழைய கணக்கும் புதிய கணக்கும் அருகருகே நின்ற ஊர் அது. கொக்குவிற் சோதிடப்பிரகாச யந்திரசாலையிலே அச்சான இரகுநாதையரின் வாக்கிய பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்து வீடுகளின் நாளையும் பொழுதையும் வகுத்துக் கொடுத்தது. பயணம் புறப்படுவோர் சூலம் பார்ப்பது வழக்கம். திங்களும் சனியும் கிழக்கே சூலம், செவ்வாயும் புதனும் வடக்கே, வியாழன் தெற்கே, வெள்ளியும் ஞாயிறும் மேற்கே. தெற்கு நோக்கிய பயணத்துக்கு வியாழக்கிழமை ஆகாது என்பது பஞ்சாங்கத்தின் தீர்ப்பு. ஆனால் புகையிரத நேரசூசிக்கு வியாழனும் ஒன்றுதான், வெள்ளியும் ஒன்றுதான். எந்நாளிற் செல்வது என்பதைப் பஞ்சாங்கம் சொல்லிற்று. எந்நேரத்திற் செல்வது என்பதை வண்டி சொல்லிற்று.

புதிதாக வந்த வண்டிக்கு யாழ்ப்பாண மக்கள் தம் நாவுக்கேற்பப் பெயரிட்டனர். ‘கோச்’ என்னும் ஆங்கிலச் சொல் ‘கோச்சி’ ஆயிற்று. கடவைகளில் ‘கோச்சி வரும் கவனம்’ என்று எழுதிய பலகை நின்றதாம். யாழ்ப்பாணப் பேச்சில் ‘கோச்சி’ என்பது ‘உன் தாய்’ என்றும் பொருள்படுமாதலால், யாரோ ஒரு குறும்பர் அதன் கீழே ‘கொப்பரும் வருவார் கவனம்’ என்று எழுதி வைத்தாராம். இந்தப் பகிடி குடாநாடு முழுவதிலும் பிரசித்தம். ஒரு புதுமையை மக்கள் தமதாக்கிக் கொண்டதற்கு நகைச்சுவையைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

கொக்குவிலையும் அதன் அயலூர்களையும் வெளியுலகோடு பிணைத்தது சுருட்டுத் தொழில். கொட்டில்களில் வரிசையாக அமர்ந்து தொழிலாளர் சுருட்டுச் சுற்றுவர். ஒருவர் உரத்த குரலில் செய்தித்தாளையும் கதைகளையும் படிப்பார். மற்றவர்கள் கை ஓயாமல் செவி சாய்ப்பர். வானொலி வருமுன்பே அங்கு ஒரு வானொலி இருந்தது எனலாம். அங்கு சுற்றிய சுருட்டு தென்னிலங்கை நகரங்களிலே யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக் கடைகளுக்குச் சென்றது. கடையிலே தொழில் பார்க்கும் ஆடவரும் ஊருக்கும் கடைக்குமாகக் கோச்சியில் வந்து போயினர். ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் கடல் கடந்து மலாயா சென்றனர். அந்நாட்டுப் புகையிரதத்தில் நிலைய அதிபர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் பலர் அமர்ந்தனர். சீட்டு வாங்கிப் புறப்பட்ட ஊரார் வேற்று நாட்டிலே சீட்டு விற்பவர்களாயினர்.

யாழ்ப்பாணத்துப் பயணியின் சீட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு. அது பெரும்பாலும் திரும்பி வருவதற்கான சீட்டு. தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் அவர் வருவார். ஓய்வூதியம் பெற்ற பின் வந்து காணி வாங்கி வீடு கட்டுவார். அட்டைச் சீட்டின் ஒரு பாதியைப் போகும்போது கொடுத்து மறு பாதியை மடியில் முடிந்து வைத்திருப்பவருக்கு மனத்திலே ஓர் உறுதி இருக்கும்.

அதே இலங்கையில் அந்த உறுதி இல்லாத பயணிகளும் இருந்தனர். கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமார் திரட்டி வந்த தொழிலாளரே அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். கொள்ளைநோயிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தோர் மிகப் பலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்கும் ஒரு சீட்டு வந்தது. அது அட்டையன்று, தகரவில்லை. அதிலே எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்பதைக் காட்டும் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. அதை அணிந்தவர் தம் ஊரின் பெயரைச் சொல்லத் தேவையில்லை; சேரவேண்டிய தோட்டத்தைத் தகரமே சொல்லும். பொதியில் ஒட்டிய முகவரிபோல அது அமைந்தது. வழிச்செலவு தோட்டத்தின் பற்றில் எழுதப்பட்டு, பின்பு தொழிலாளியின் கடனாகத் திரும்பியது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின் கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ என்னும் வேறொரு சீட்டும் வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இத்தொழிலாளரின் பாடல்கள் ஈழத்துப் பயணப் பாடல்களுள் தலையாயவை. கடலைக் கடந்ததும், காட்டு வழியில் நடந்ததும், உடன் வந்தவரை வழியிலே புதைத்துவிட்டு நடையைத் தொடர்ந்ததும், கண்டிச் சீமையின் குளிரும், கங்காணியின் கடன் கணக்கும் அவற்றிலே பேசப்படுகின்றன. தாலாட்டாகவும் ஒப்பாரியாகவும் கும்மியாகவும் பெண்கள் அவற்றைப் பாடினர். மலையகத்தின் எழுத்தாளரும் 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவருமான சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாக்கினார். அவர் தொகுத்திராவிடில் அவற்றுட் பல பாடியவர்களோடு மறைந்திருக்கும். அப்பாடல்களை இயற்றியவர் பெயர் தெரியாது. எத்தனை பேர் பாடினர் என்பதற்கும் கணக்கில்லை. தகரவில்லையில் ஆளுக்கு எண் இருந்தது. ஆளின் பாட்டுக்கு எண் இல்லை.

இனிப் பாட்டுக்கு எண் வந்த வரலாற்றைக் காணலாம். இசைத்தட்டு விற்பனைப் பண்டமாகிய பின்னரே அது தொடங்கியது. அமெரிக்காவிலே ‘பில்போர்ட்’ என்னும் வார இதழ் 1940ஆம் ஆண்டு ஜூலையில் நாடு முழுவதும் மிகுதியாக விற்ற பத்து இசைத்தட்டுகளின் பட்டியலை வெளியிடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஒரு புகைவண்டிப் பாட்டு அப்பட்டியலில் முதலிடம் பிடித்தது. கிளென் மில்லர் இசைக்குழு வழங்கிய ‘சட்டனூகா சூ சூ’ என்பது அதன் பெயர். நியூயோர்க் நிலையத்தின் மேடை எண்ணும், வண்டிக் கட்டணமும், வீடு நோக்கிச் செல்லும் ஆவலும் கலந்த பாட்டு அது. ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. 12 இலட்சம் தட்டுகள் விற்றதற்காக 1942ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி தட்டின் வடிவில் பொன்முலாம் பூசிய ஒரு பரிசு மில்லருக்கு அளிக்கப்பட்டது. உலகின் முதற் ‘பொன் தட்டு’ அதுவே. ஆகவே, பாட்டின் புகழைப் பொன்னால் அளந்த வழக்கமே ஒரு பயணப் பாட்டிலேதான் தொடங்கியது.

இங்கிலாந்தில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ என்னும் இதழ் 1952ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி தன் முதற் பட்டியலை அச்சிட்டது. பேர்சி டிக்கின்ஸ் என்பவர் சுமார் 20 கடைகளுக்குத் தொலைபேசியில் அழைத்து, எந்தத் தட்டு மிகுதியாக விற்றது என வினவி அதனைத் தொகுத்தார். 20 கடைகளின் கணக்கு ஒரு நாட்டின் விருப்பமாக அச்சேறியது. எட்மன்சனின் அட்டையைப்போலவே இதுவும் வேலையை எளிதாக்கியது. மாலையில் கூட்டிக் கழித்து விடை காண வழி செய்தது.

இத்தகைய பட்டியல்களில் சீட்டைப் பற்றிய பாடல்கள் சிலவும் ஏறின. பீட்டில்ஸ் குழுவினரின் ‘டிக்கெட் டு ரைட்’ 1965ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்தது. இங்கிலாந்தில் மூன்று வாரமும் அமெரிக்காவில் மே மாதத்தில் ஒரு வாரமும் அது முதலிடத்தில் இருந்தது. தன்னை விட்டுச் செல்லும் பெண்ணின் கையிலே சீட்டு இருக்கிறது, அவளுக்கோ கவலையில்லை என்பதே அதன் பொருள். பாடலை ஆக்கியோருள் ஒருவரான போல் மக்கார்ட்னி, வைட் தீவிலுள்ள ரைட் என்னும் ஊருக்குச் செல்லும் சீட்டையும் அதனோடு தொடர்புபடுத்திப் பின்னாளிற் பேசியதுண்டு. மறு ஆண்டு வெளிவந்த சைமன், கார்ஃபங்கல் ஆகியோரின் ‘ஹோம்வர்ட் பவுண்ட்’ புகையிரத நிலையத்திலே சீட்டோடு காத்திருக்கும் பாடகனின் ஏக்கத்தைச் சொல்லி, அமெரிக்காவில் ஐந்தாம் இடத்தையும் இங்கிலாந்தில் ஒன்பதாம் இடத்தையும் எட்டியது.

இவற்றுள் விந்தையானது ‘ஒன் வே டிக்கெட்’, அதாவது ஒருவழிச் சீட்டு என்னும் பாட்டின் கதை. 1959இலே நீல் செடாக்கா பாடியபோது அது இசைத்தட்டின் மறுபுறத்திலேதான் இடம்பெற்றது. முன்புறத்தில் இருந்தது ‘ஓ காரல்’. எனினும் அது ஜப்பானிலே பெரும் புகழ் பெற்றது. இருபது ஆண்டு கழித்து, 1979இல், இரப்ஷன் என்னும் குழுவினர் அதை நடனத் தாளத்துக்கு மாற்றிப் பாடினர். இங்கிலாந்தில் அது ஒன்பதாம் இடம் வரை ஏறியது. காதல் முறிந்தவன் துயரத்துக்கே ஒருவழிச் சீட்டு வாங்கினான் என்பது அப்பாட்டின் கற்பனை. ஐரோப்பாவின் இளைஞர் அதற்கு ஆடினர்.

அந்தக் கற்பனை பட்டியலில் ஏறிய காலத்திலேயே இலங்கையில் ஒருவழிச் சீட்டு கற்பனையாக இல்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி கையொப்பமான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 மலையகத் தமிழர் இந்தியாவுக்குச் செல்வரென்றும், 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறுவரென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்க விடப்பட்டது. இலட்சக்கணக்கானோரின் ஊர் எது என்பதை இரு அரசுகளின் எண்களே வகுத்தன. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற வண்டிகளில் ஏறியோருட் பலர் பிறந்தது இலங்கையில். சென்றதோ தாத்தாவின் ஊர் என்று கேள்விப்பட்ட இடத்துக்கு. நிலைய மேடைகளில் உறவினர் ஒருவரையொருவர் கட்டியழுதனர். அந்த அழுகை எந்த வாரத்தின் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

பாட்டுக்கு எண்ணிடும் வரலாற்றில் கொழும்புக்கும் பெரும் பங்கு உண்டு. 1925ஆம் ஆண்டு டிசம்பரிலே ஒலிபரப்பைத் தொடங்கிய கொழும்பு வானொலி, 1950ஆம் ஆண்டு செப்ரெம்பர் இறுதியில் வர்த்தக சேவையை ஆரம்பித்தது. அக்காலத்தில் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலே திரைப்பாடல்களுக்கு இடங்கொடுக்க விரும்பவில்லை. இந்தியாவெங்கும் உள்ள நேயர்களின் செவி கொழும்புப் பக்கம் திரும்பியது. இங்கிலாந்தின் முதற் பட்டியல் அச்சான 19ஆம் நாள், அதாவது 1952ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி, ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் இந்திப் பாடல் நிகழ்ச்சி இலங்கை வானொலியில் ஒலிக்கத் தொடங்கியது. அமீன் சயானியின் குரல் பம்பாயிலே ஒலிப்பதிவாகி, நாடாச் சுருளாக வானூர்தியில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து மீண்டும் இந்தியாவெங்கும் பரவியது. பாட்டே பயணம் செய்தது. அதற்குக் கடவுச்சீட்டுக் கேட்பார் இல்லை.

அந்நிகழ்ச்சி பின்னர் வரிசைப் பட்டியலாக வளர்ந்தது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையோடு நேயர் மன்றங்களின் கடிதங்களும் அதிலே கணக்கிடப்பட்டன. இது மேல்நாட்டு முறையினின்றும் வேறுபட்டது. தட்டு வாங்க வசதியில்லாதவனும் ஓர் அஞ்சலட்டை வாங்கலாம். அஞ்சலட்டையின் விலை அவனுக்கு வாக்குரிமை அளித்தது. அகில இந்திய வானொலி 1957ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் திகதி ‘விவித பாரதி’யைத் தொடங்கித் திரைப்பாடலுக்கு வாயில் திறந்தது, எனினும் கீத்மாலா 1980களின் இறுதி வரை கொழும்பிலேயே நிலைத்தது. கானன் தேவி 1942இலே பாடிப் பெரும் புகழ் பெற்ற ‘தூபான் மெயில்’ என்னும் புகைவண்டிப் பாட்டுக்கு இத்தகைய பட்டியல் வாய்க்கவில்லை. அது பத்தாண்டு முந்திப் பிறந்துவிட்டது. ஆயினும் பட்டியல் பெற்ற பாடல்கள் பலவற்றிலும் பார்க்க அது நெடிது வாழ்ந்தது.

இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் பாக்கு நீரிணைக்கு இருபுறமும் வாழ்ந்த நேயர்களை ஒன்று சேர்த்தது. எஸ். பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளரின் குரல் தமிழகத்துத் தேநீர்க் கடைகளிலும் யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தைகளிலும் ஒரே நேரத்தில் கேட்டது. நேயர் விருப்பத்தில் பாட்டின் முன்னே ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் வாசிக்கப்பட்டன. அந்தப் பெயர் வரிசையும் ஒருவகை வழிநடைச் சிந்தே எனலாம். ஊர் ஊராகப் பெயர் சொல்லிச் செல்வதிலே இன்பம் கண்டனர் கேட்போர். 1964இலே சிவாஜி கணேசன் புகைவண்டி ஓட்டுநராக நடித்த ‘பச்சை விளக்கு’ வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. 1914 முதல் சென்னையையும் கொழும்பையும் வண்டியும் கப்பலுமாக இணைத்துவந்த ‘போட் மெயில்’ பயணத்தின் இந்தியத் துறை கடலுக்கு இரையாயிற்று. பயணிகள் செல்லும் பழைய வழி அறுந்தது. வானொலிப் பாட்டின் வழி அறவில்லை. 1970களிலே ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’ என்னும் ஈழத்துப் பொப்பிசைப் பாட்டு கடல் கடந்து தமிழகத்திலும் அதற்கு அப்பாலும் பிற மொழிகளிலும் புகுந்தது அதற்குச் சான்று.

இவ்வளவையும் நோக்கும்போது பட்டியல்களின் பயனும் குறையும் விளங்கும். எந்த ஆண்டில் எந்தப் பாட்டு விற்றது என்பதை அவை ஐயமின்றிக் காட்டுகின்றன. வரலாறு எழுதுவோர்க்கு அது பெருந்துணை. ஆனால் விற்பனை வேறு, கேள்வி வேறு. ஒரு தேநீர்க் கடையிலே சுழலும் ஒரு தட்டை நூறு பேர் கேட்டாலும் பட்டியலுக்கு அது ஒன்றே. ஒரு வீட்டு வானொலியை அயலார் அனைவரும் கூடிக் கேட்டாலும் வாங்கியவர் ஒருவரே. தட்டில் ஏறாத பாட்டுக்கோ பட்டியலில் இடமே இல்லை. சீட்டு வாங்கியவனை மட்டும் பயணி என்று எண்ணும் புகையிரதத்தைப்போல, தட்டு வாங்கியவனை மட்டும் இரசிகன் என்று எண்ணியது பட்டியல். தகரவில்லையோடு வந்தவளின் தாலாட்டு இரண்டு கணக்கிலும் வராதது.

கொக்குவில் நிலையத்தின் பின்னைய வரலாறு இந்த உண்மையை மேலும் விளக்குகின்றது. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் திகதி ‘யாழ்தேவி’ என்னும் கடுகதி வண்டி ஓடத் தொடங்கியது. பகற்பொழுதிலே கொழும்புக்கும் வடக்குக்கும் இடையே விரைந்த அவ்வண்டியின் பெயர் மக்கள் நாவிலே ஒரு பெண்ணின் பெயர்போல இனித்தது. சீட்டெடுத்து இடம்பிடித்து, கட்டுச் சோற்றை அவிழ்த்து, எதிரில் இருப்பவரோடு உறவு கொண்டாடி, ஆனையிறவின் உப்பளங்களைக் கண்டதும் ஊர் வந்துவிட்டதென்று மகிழ்ந்த அனுபவம் இரண்டு தலைமுறைக்குப் பொதுச் சொத்தாயிற்று. பின்னர் நாட்டிலே போர் மூண்டது. 1990ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் திகதியோடு யாழ்ப்பாணத்துக்கான வண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டன. நிலையங்கள் சிதைந்தன, பாதை இருந்த இடத்தில் பற்றை வளர்ந்தது.

அக்காலத்திலும் மக்கள் பயணம் செய்தனர். கிளாலிக் கடனீரேரியை இருளிலே படகில் கடந்தனர். அவர்களுக்கு வேண்டியிருந்தது பயணச் சீட்டன்று, அனுமதிப் பத்திரம். சீட்டுக்குப் பணம் இருந்தாற் போதும். பத்திரத்துக்குப் பிறருடைய மனம் இரங்க வேண்டும். கடல் கடந்து ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றோரில் பலருடைய சீட்டு ஒருவழிச் சீட்டாக முடிந்தது. மேல்நாட்டுப் பட்டியலில் காதலின் உவமையாக ஏறிய சொல், அவர்களுக்கு வாழ்வின் செய்தியாயிற்று. திரும்பி வரும் சீட்டை மடியில் முடிந்து வைத்திருந்த யாழ்ப்பாணத்துப் பயணியும், தகரவில்லை அணிந்துவந்த தோட்டத் தொழிலாளியும் அந்நாளில் ஒரே நிலையை அடைந்தனர். முன்பு அவர்களைப் பிரித்து வைத்தது சீட்டின் வேற்றுமை. பின்பு சீட்டு இன்மையே அவர்களை ஒப்பாக்கியது.

இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின், 2014ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் திகதி, இந்திய நிறுவனமொன்று புதிதாக அமைத்த பாதையில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறை வரை பாதை திறக்கப்பட, கொக்குவிலுக்கும் வண்டி திரும்பியது. முதல் வண்டியைக் காண வந்தோருட் புகையிரதத்தையே கண்டறியாத இளைஞரும் இருந்தனர். பழைய வண்டியின் ஓசையை நினைவில் வைத்திருந்த முதியோரும் இருந்தனர். இடைப்பட்ட ஆண்டுகளில் விற்ற சீட்டுகளின் எண்ணிக்கை சுழியம். ஆனால் யாழ்தேவி என்னும் பெயர் அந்த ஆண்டுகளில் வழங்காமற் போகவில்லை. புலம்பெயர்ந்த வீடுகளில் அது கதையாக வாழ்ந்தது.

ஆகவே, பயணப் பாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் இரு ஏடுகளைப் படித்தல் வேண்டும். ஒன்று, வாரந்தோறும் அச்சான வரிசைப் பட்டியல். அதிலே முதலிடமும் ஒன்பதாம் இடமும் தெளிவாக உண்டு. மற்றொன்று, வேலுப்பிள்ளையைப் போன்றோர் தோட்டந்தோறும் சென்று செவிவழி திரட்டிய ஏடு. அதிலே இடங்களின் எண் இல்லை. ஆனால் நடந்தவரின் மூச்சு உண்டு. முதலாவது ஏட்டைக் காப்பதற்கு நிறுவனங்கள் பல உள. இரண்டாவதைக் காக்க வேண்டியவர்கள் கேட்டவர்களே. ஊர்களில் எஞ்சியிருக்கும் யாத்திரைச் சிந்துகளையும் தோட்டத்துத் தாலாட்டுகளையும் கோச்சிக் கதைகளையும் பாடக் கூடியவர் இருக்கும்போதே கேட்டுப் பதிந்து வைத்தல், அட்டைச் சீட்டைச் சேகரிப்பதிலும் பொன் தட்டை எண்ணுவதிலும் பெரிய பணியாகும். அப்பணி ஆற்றுப்படையின் பழைய கடமையைத் தொடர்வதேயாம். தான் நடந்த வழியைப் பின் வருவோருக்குச் சொல்லிச் செல்லுதல் அக்கடமை.